டயாலிசிஸ்காரனின் வயிற்றுப்பாடு

டயாலிசிஸ் ஆரம்பித்ததும் எல்லோரும் தண்ணீர் எவ்வளவு குடித்தாய், எடை எவ்வளவு ஏறியது, கையில் ஊசி போடும் இடம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். வயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாமும் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே தொல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கிட்னி நின்றுபோனதால் சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுக்கை. ஆரம்பத்தில் ஊசியைவிட மலச்சிக்கல்தான் என்னை அதிகம் படுத்தியது. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் போகாது. போகாததற்குக் காரணம் ஒன்றா இரண்டா? காபி, மோர், ரசம் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் அடக்கம். பொட்டாசியம் ஏறும் என்று பழம், கீரை, இளநீர் நிறுத்தம். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமலிருக்கச் சாப்பாட்டோடு போடும் மாத்திரையும் வயிற்றைக் கட்டும், பொட்டாசியத்தை இழுக்கும் பவுடரும் கட்டும். வீட்டுக்கு வந்தால் அடித்துப் போட்ட மாதிரி படுக்கைதான், நடை ஏது?

ஊர் வைத்தியத்துக்குக் குறைவில்லை. "ரெண்டு செவ்வாழைப் பழம் சாப்பிடுங்க மாப்பிள்ளை, காலையில சரியாப் போயிருமுங்க" என்றார் மாமியார். அண்ணன் ஒரு செம்பு வெந்நீர் என்றார். சித்தப்பா இசப்கோல் என்ற நார்ப்பொடியை வாங்கியே வந்துவிட்டார். மூன்றும் நல்ல வைத்தியம்தான், கிட்னி வேலை செய்கிறவனுக்கு. செவ்வாழை முழுக்கப் பொட்டாசியம். செம்புத் தண்ணீர் எனக்குக் காலிலும் மூச்சிலும் வந்து நிற்கும். இசப்கோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே கட்டிக்கொள்ளும். மருந்துக் கடையில் சட்டென எடுத்து நீட்டும் மெக்னீசியம் மருந்தும் எங்களுக்கு ஆகாது, உடம்பில் அது தேங்கிவிடும். பாஸ்பேட் எனிமாவும் அப்படியே.

ஒரு மாத ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஆறைத் தாண்டியிருந்தது. டயட்டீஷியன் அம்மா என்ன சாப்பிட்டேன் என்று குடைந்து குடைந்து கேட்டார். "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றேன், உண்மையும் அதுதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சுங்க?" என்றார். என் வீட்டுக்காரம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டயட்டீஷியன் அம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. கிட்னி நன்றாக இருந்தால் பொட்டாசியம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், மலத்தில் போவது பத்தில் ஒரு பங்குதான். கிட்னி நின்றதும் பெருங்குடல் அந்த வேலையைக் கூடுதலாகப் பார்க்கிறது, மூன்று மடங்கு வரைகூட. அந்த வழியும் அடைத்தால் பொட்டாசியம் எங்கே போகும்? இன்னொன்றும் சொன்னார். நார்ச்சத்து போதாத குடலில் கிருமிகள் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதிலிருந்து பி-கிரெசில் சல்பேட், இண்டாக்சில் சல்பேட் என்ற கழிவுகள் ரத்தத்தில் சேர்கின்றன. இவை ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மெஷினால் சரியாக வெளியேற்ற முடிவதில்லை.

சமையல் மாறியது. அவரை, கொத்தவரை, முட்டைக்கோஸ் எதுவானாலும் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், நார் பெரும்பாலும் காயிலேயே தங்கும். "வடிச்சுக் கொட்டுன காய்ல என்னங்க ருசி இருக்குது?" என்று வீட்டில் முணுமுணுப்பு. நியாயம்தான். சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்த பிறகு கொத்தவரை வாயில் வைக்கும்படி இருந்தது, முட்டைக்கோஸ் இன்னும் இல்லை. கம்பங்கூழ் தண்ணீர்க் கணக்கில் வருவதால் அளவாகக் கம்பஞ்சோறு. தானியத்தில் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று பயந்தேன். அதில் முழுசும் உடம்பில் சேராதாம், கோலாவிலும் பாக்கெட் பண்டத்திலும் சேர்க்கிற பாஸ்பேட்தான் ஏறக்குறைய அப்படியே ஏறுமாம். பழத்தில் ஆப்பிள் துண்டு, எப்போதாவது அரைக் கொய்யா, அதுவும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் வயிறு உப்பிக்கொண்டு வாயு படுத்தும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம். டாக்டர் பாஸ்பரஸ் மாத்திரையை மாற்றி, ராத்திரிக்கு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதினார். வீட்டைச் சுற்றி நடக்கவும் சொன்னார். இப்போது பெரும்பாலான காலைகளில் சிரமமில்லை. பொட்டாசியமும் ஐந்தையொட்டி நிற்கிறது. எல்லாம் நாரின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன், மருந்தும் மாறியதே.

கொள்ளுப் பருப்புக்கு மட்டும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. "அடுத்த ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாமுங்க" என்கிறார் டயட்டீஷியன் அம்மா. போன மாதமும் அதைத்தான் சொன்னார்.