ஒப்பு அணு நிறைக் கணக்கு: எதால் வகுப்பது?

ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களே ஐசோடோப்புகள்; அவற்றின் சராசரி நிறைதான் ஒப்பு அணு நிறை. இந்தக் கணக்கில் பெருக்கலில் தவறுகிறவர்கள் குறைவு. மதிப்பெண் போவது வகுக்கும் இடத்தில்.

குளோரினில் 35, 37 என்ற நிறையுள்ள இரண்டு ஐசோடோப்புகள். கூட்டி இரண்டால் வகுத்தால் 36 வருகிறது. அட்டவணையில் இருப்பதோ 35.5. இயற்கையில் முதலாவது ஏறக்குறைய மூன்று பங்கு, மற்றது ஒரு பங்கு. ஆகவே (35×3 + 37×1) ÷ 4 = 35.5. மொத்தம் எத்தனை பங்கோ அதால்தான் வகுக்க வேண்டும். சதவீதமாகத் தந்திருந்தால் அந்த மொத்தம் 100, அவ்வளவுதான்.

நிறை நிறமாலை வரைபடம் (ஒவ்வொரு ஐசோடோப்பும் எவ்வளவு இருக்கிறது என்பதை உச்சியின் உயரத்தால் காட்டுவது) தந்து கேட்டால் இதை மறந்துவிடுகிறோம். மெக்னீசியத்துக்கு 24, 25, 26 ஆகியவற்றின் உச்சிகள் 100, 12.7, 13.9 என்று இருக்கும். மிக உயர்ந்த உச்சியை 100 என வைத்து மற்றவற்றை அளப்பது வழக்கம். அது சதவீதம் அல்ல. 100ஆல் வகுத்தால் 30.79 கிடைக்கும். மிகக் கனமான ஐசோடோப்பே 26 எனும்போது சராசரி எப்படி 30 ஆகும்? உயரங்களின் கூட்டுத்தொகை 126.6, அதால் வகுத்தால் 24.32. விடை எப்போதும் மிகச் சிறிய நிறைக்கும் மிகப் பெரிய நிறைக்கும் நடுவே, பெரும்பாலும் அதிகம் கிடைக்கும் ஐசோடோப்பின் பக்கம் சாய்ந்து நிற்கும். இதைச் சரிபார்க்க ஐந்து நொடி போதும்.

கால்குலேட்டர் இல்லையென்றால் முழு எண்களைப் பெருக்கிக் கொண்டிருக்காதீர்கள். 24ஐ அடியாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள்: (1×12.7 + 2×13.9) ÷ 126.6 = 0.32. அதை 24உடன் கூட்டினால் முடிந்தது. இந்த விடைக்கு அலகு எழுதக்கூடாது. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்ட எண் இது.

சராசரியைத் தந்து சதவீதம் கேட்டால் x, 100−x என்று சமன்பாடு போடலாம். இடைவெளியைப் பார்ப்பது இன்னும் எளிது. போரானுக்கு 10.8 என்றால், 10இலிருந்து 11 வரையுள்ள ஓர் அலகுத் தூரத்தில் 0.8 நகர்ந்திருக்கிறது, ஆகவே போரான்-11 80%.

தாமிரத்தில் மட்டும் கவனம் தேவை. 63, 65, சராசரி 63.5 என்று வைத்தால் தாமிரம்-65 25% என வரும். உண்மையில் அது 30.85%. நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) வேறு, ஐசோடோப்பின் துல்லிய நிறை வேறு. 62.930, 64.928, 63.546 என்று வைத்துப் பாருங்கள்: 0.616 ÷ 1.998, ஏறத்தாழ 30.8%. வினாவில் தசம நிறைகள் இருந்தால் அவற்றை முழு எண்ணாக்காமல் அப்படியே போடுங்கள். தோராயமாக்குவது கடைசி வரியில் மட்டும்.