ஹாக்ஸ்ஹெட் பள்ளிக்கூடத்து அண்ணன் தம்பிகள்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் வின்டர்மியரில் படகு ஏறி, கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் கையில் இன்னொரு நாள் இருந்தால் ஹாக்ஸ்ஹெட்டுக்குப் போங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. 1585இல் தொடங்கி 1909இல் மூடப்பட்டது, இன்று அருங்காட்சியகம். அதில் படித்த நான்கு அண்ணன் தம்பிகளின் வாழ்க்கை போன வழிகளைத் தேடித்தான் நான் போனேன்.

வின்டர்மியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் 505ஆம் எண் பஸ் ஆம்பிள்சைடு வழியாக ஹாக்ஸ்ஹெட்டுக்குக் கொண்டுபோய் விடும். வழி முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்களும் ஆடுகளும்தான். ஊருக்குள் கார்களை விடுவதில்லை, வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அதனாலேயே வெள்ளையடித்த வீடுகளும் ஒருவர் கை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொட்டுவிடலாம் போன்ற சந்துகளுமாக ஊர் அமைதியாக இருக்கிறது. மேட்டில் தேவாலயம், அதற்குக் கீழே பள்ளிக்கூடம். கதவுக்கு மேலே ஒரு சூரியக் கடிகாரம். பள்ளிக்கூடம் என்றதும் நாம் மனதில் வைத்திருக்கும் அளவுக்கு அது பெரிதில்லை, இரண்டு மாடிகொண்ட ஒரு சாதாரணக் கட்டடம்.

தரைத்தளம் முழுவதும் ஒரே வகுப்பறை. நீள நீளமான ஓக் மர மேசைகள், அவற்றில் விரல் வைக்க இடமில்லாத அளவுக்குச் செதுக்கிய பெயர்கள். அந்தக் காலத்தில் இறகுப் பேனாவைச் சீவ ஒவ்வொரு பையன் கையிலும் கத்தி இருக்கும், கத்தி இருந்தால் மேசை சும்மா இருக்குமா? குனிந்து பார்த்தால் ஒருவன் அச்செழுத்துப் போல எழுத்தின் கால்களுக்கெல்லாம் குறுக்குக் கோடு போட்டுப் பொறுமையாக வெட்டியிருக்கிறான், பக்கத்திலேயே இன்னொருவன் முதல் இரண்டு எழுத்தை ஆழமாக வெட்டிவிட்டு மீதியைக் கீறலோடு விட்டிருக்கிறான், ஆசிரியர் வந்துவிட்டாரோ என்னவோ. எல்லோரும் தேடி வருவது வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் பெயரை. அது இருக்கிறது. வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள், மாடிக்குப் போனார்கள், கிளம்பினார்கள். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் கவிஞராக முடிந்ததற்கு அதே பள்ளியில் படித்த இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொண்டு அந்த மேசை முன் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பள்ளியைப் பற்றி. இந்த வட்டாரத்தில் பிறந்து யார்க் பேராயராக உயர்ந்த எட்வின் சாண்டிஸ், எலிசபெத் ராணியிடம் பட்டயம் வாங்கி இதைத் தொடங்கினார். லத்தீன், கிரேக்கம், அப்புறம் கணிதம். வில்லியம் படித்த காலத்தில் நூறு பையன்கள் வரை இருந்திருக்கிறார்கள், இங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போவது வழக்கமாகவே இருந்தது.

வேர்ட்ஸ்வொர்த் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். ரிச்சர்ட், வில்லியம், டோரதி, ஜான், கிறிஸ்டோபர். 1778இல் அம்மா இறந்துபோனார். அடுத்த ஆண்டு ரிச்சர்டையும் வில்லியமையும் ஹாக்ஸ்ஹெட்டில் சேர்த்தார்கள், சின்னவர்கள் இருவரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். 1783 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டிலிருந்து குதிரைகள் வரும் என்று பையன்கள் காத்திருந்ததையும், எந்தப் பாதையில் வரும் என்று தெரியாமல் வில்லியம் ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்து மூடுபனிக்குள் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவரே பிற்பாடு கவிதையில் எழுதியிருக்கிறார். வீடு போய்ச் சேர்ந்த சில நாளில், டிசம்பர் 30 அன்று, அப்பாவும் போய்விட்டார். வில்லியமுக்கு 13 வயது.

அந்த நிலையில் இவர்களுக்குக் கிடைத்தவர் ஆன் டைசன் என்ற அம்மாள். கணவர் தச்சர், சொந்தப் பிள்ளைகள் இல்லை, தேயிலை, சர்க்கரை, துணி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தவர், பள்ளிப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அவருடைய கணக்குப் புத்தகம் பிழைத்திருக்கிறது. இந்தப் பையன்கள் எந்தெந்தப் பருவத்தில் அங்கே தங்கினார்கள் என்று அறிஞர்கள் கண்டுபிடித்ததே அந்தக் கடைக்கார அம்மாள் எழுதிவைத்த வரவு செலவிலிருந்துதான். டைசன் குடும்பம் பிறகு ஊருக்குச் சற்று வெளியே கோல்ட்ஹவுஸுக்குக் குடிபோனது. பள்ளியிலிருந்து நிதானமாக நடந்தே போய்வந்துவிடலாம், நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது, எஸ்த்வெயிட் ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்ததும் பையன்கள் கூட்டமாகச் சறுக்கி விளையாடுவார்களாம்.

அப்பா வெறுங்கையோடு போகவில்லை, அதுதான் கொடுமை. அவர் அந்தப் பகுதியின் பெரிய நிலப்பிரபு சர் ஜேம்ஸ் லோதரின் சட்ட முகவர். லோதர் அவருக்கு ஆயிரக்கணக்கான பவுன் பாக்கி வைத்திருந்தார், பிள்ளைகள் அநாதையான பிறகும் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பில் வாதாடியவர் எட்வர்ட் கிறிஸ்டியன், ஹாக்ஸ்ஹெட் பள்ளியிலேயே கொஞ்ச காலம் தலைமையாசிரியராக இருந்தவர். பவுன்டி கப்பல் கலகத்தை நடத்திய பிளெட்சர் கிறிஸ்டியனின் அண்ணன். 1791இல் கார்லைல் நீதிமன்றத்தில் இவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை. 1802இல் லோதர் செத்த பிறகு வாரிசுதான் கொடுத்தார். கிட்டத்தட்ட 20 வருஷம்! ஐந்து பேரின் இளமையும் அந்தப் பாக்கிக்குக் காத்திருந்தே கழிந்தது.

மாடியில் தலைமையாசிரியரின் அறை இருக்கிறது. அங்கே நான் நினைத்துக்கொண்டது வில்லியம் டெய்லர் என்ற ஆசிரியரை. பையன்களைக் கவிதை எழுதச் சொன்னவர். 1785இல் பள்ளிக்கு 200 வயது நிறைந்தபோது வில்லியம் எழுதிய செய்யுள் அப்படி வந்ததுதான். அடுத்த ஆண்டே டெய்லர் 32 வயதில் இறந்தார். சாவதற்கு முன் மூத்த மாணவர்களைக் கூப்பிட்டு விடைபெற்றார். எட்டு வருஷம் கழித்து, 1794இல், வில்லியம் கார்ட்மெல் தேவாலயத்தில் இருக்கும் அவர் கல்லறையைத் தேடிப் போனார். அதே நாள், நீர் வடிந்த கடற்கரை மணலைக் கடக்கும்போது எதிரே வந்த ஒருவர் சொன்ன செய்தி, பிரான்சில் பயங்கர ஆட்சி நடத்திய ரோபஸ்பியர் ஒழிந்தார் என்பது. பிரெஞ்சுப் புரட்சியை நம்பி, அது ரத்தத்தில் முடிவதைப் பார்த்து நொந்துபோயிருந்த இளைஞனுக்குத் தன் ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலேயே அந்தச் செய்தி.

சரி, நான்கு பேரும் என்ன ஆனார்கள்? மூத்தவர் ரிச்சர்ட் லண்டனில் வக்கீல். குடும்பத்தின் பணக்கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் தலையில். கடைக்குட்டி கிறிஸ்டோபர் படிப்பில் கெட்டி. 1820இலிருந்து 1841 வரை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தலைவர். வில்லியம் பட்டம் வாங்கியும் எந்த வேலைக்கும் போகாமல் பல வருஷம் சுற்றினார். எழுத்தில் காசு வரவில்லை, 1813இல் முத்திரைத்தாள் விநியோக அதிகாரி வேலை கிடைத்த பிறகுதான் வருமானம் நிலைப்பட்டது. 1843இல் அரசவைக் கவிஞர்.

மூன்றாவது பையன் ஜான். கூச்ச சுபாவம், அதிகம் பேசமாட்டார். ‘மௌனக் கவிஞன்’ என்று வில்லியம் அவரைச் சொல்வார். பள்ளி முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். 1800இல் கிராஸ்மியரில் வில்லியமும் டோரதியும் இருந்த சின்ன வீட்டுக்கு வந்து எட்டு மாதம் போலத் தங்கினார். முதலில் வந்தபோது கதவுவரை வந்து தட்டத் தயங்கித் திரும்பிப் போய், சத்திரத்திலிருந்து ஆள் அனுப்பினாராம், சொந்த அண்ணன் வீட்டுக்கு! பக்கத்துத் தோப்பில் கப்பல் தளத்தில் நடப்பது போல முன்னும் பின்னுமாக அவர் நடந்து நடந்து ஒரு தடமே விழுந்துவிட்டது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் கிரைஸ்டேல் மலைக் குளத்தருகே அண்ணனும் தங்கையும்... இல்லை, அக்காவும் அவரை வழியனுப்பினார்கள்.

அவர் போட்டிருந்த திட்டம் இதுதான். நான் கடலில் சம்பாதிக்கிறேன், அண்ணன் உலகத்துக்காக ஏதாவது செய்யட்டும், கொஞ்சம் சேர்ந்ததும் நானும் கிராஸ்மியருக்கே வந்துவிடுவேன். கம்பெனிக் கப்பல்களில் கேப்டன்கள் தங்கள் சொந்தச் சரக்கையும் ஏற்றி விற்றுக்கொள்ளலாம், பணமெல்லாம் அதில்தான். 1801இல் ‘ஏர்ல் ஆஃப் அபர்கவனி’ கப்பலுக்குக் கேப்டனானார். சீனாவுக்கு இரண்டு பயணம், இரண்டிலும் எதிர்பார்த்த லாபம் இல்லை. இரண்டாவது தடவை திரும்பும்போது, 1804 பிப்ரவரியில், இன்றைய மலேசியாவை ஒட்டிய ஆவுர் தீவருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வழிமறித்தன. வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல் போலப் பாசாங்கு செய்து அவற்றை விரட்டிவிட்டன, ஜானின் கப்பலும் அதில் ஒன்று.

மூன்றாவது பயணம் வங்காளத்துக்கும் அங்கிருந்து சீனாவுக்கும். இந்தத் தடவை நிச்சயம் கைகூடும் என்று நம்பினார்கள், வில்லியம், டோரதி பணமும் அதில் போடப்பட்டிருந்தது. 1805 பிப்ரவரி 5ஆம் தேதி, இங்கிலாந்துக் கரையைவிட்டே இன்னும் விலகாத நிலையில், துறைமுக வழிகாட்டி கப்பலில் இருக்கும்போதே, போர்ட்லண்ட் முனையருகே மணல் திட்டில் மோதியது. இரவில் வேமவுத் விரிகுடாவில் மூழ்கியது. ஏறத்தாழ 400 பேரில் 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பாய்மரக் கயிறுகளைப் பிடித்துத் தொங்கியவர்கள் பிழைத்தார்கள். ஜான் பிழைக்கவில்லை. அவருக்கும் 32 வயதுதான். ஆறு வாரம் கழித்து உடல் கரை ஒதுங்கி, வைக் ரீஜிஸ் என்ற ஊரில் புதைத்தார்கள்.

வில்லியமின் கவிதை அதற்குப் பிறகு மாறியது என்று படித்தவர்கள் சொல்வார்கள், அவரே அப்படித்தான் எழுதியும் இருக்கிறார். எனக்கு அந்தப் பையனின் கணக்குத்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. குடும்பத்தில் ஒருவன் கப்பலேறி, இன்னொருவன் எழுதட்டும் என்று விடுவது எவ்வளவு பெரிய காரியம்!

டோரதிக்கு அந்த மேசையில் பெயர் இல்லை, அது பையன்கள் பள்ளி. அம்மா இறந்ததும் அவளை ஹாலிஃபாக்ஸில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷம் அண்ணன் தம்பிகளைப் பார்க்கவேயில்லை, 1787இல்தான் மறுபடி சந்தித்தார்கள். அந்தப் பள்ளியின் வாசல் மிதிக்காத அவள் 1802 ஏப்ரலில் நாட்குறிப்பில் எழுதிவைத்த டாஃபடில் பூக்களிலிருந்துதான் நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தக் கவிதை வந்தது.

மற்ற மாணவர்களிலும் பெரிய ஆட்கள் உண்டு. லண்டனில் ராயல் வானியல் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் பியர்சன், லீட்ஸில் பத்திரிகை நடத்தி எம்.பி. ஆன எட்வர்ட் பெயின்ஸ், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1819இல் முதலிடம் வாங்கி, நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவிக்கே வந்த ஜோஷுவா கிங். மலைகளுக்கு நடுவே இந்தச் சின்ன ஊரில் இப்படி ஒரு கணித மரபு இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தை மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மலை ஏறத் தெம்பிருந்தால் மறுநாள் கிராஸ்மியரிலிருந்து கிரைஸ்டேல் குளத்துக்கு நடந்துவிடுங்கள். ஜானை வழியனுப்பிய இடத்தில், தம்பியை நினைத்து வில்லியம் எழுதிய வரிகளைப் பாறையில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன, வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போனால் படிக்க வசதி.