போன எலும்பு

"வரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. தொடை எலும்பு முறிந்து, ஆணி வைத்து ஆபரேஷன் முடிந்து 6 வாரம் ஆகியிருந்தது. ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வீட்டில் பயந்துபோய்க் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற எங்களுக்கு இது புதிதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் மிதித்த கால், கெண்டைச்சதை தொளதொளவென்று கிடந்தது. "வலிக்குது தம்பி, இன்னும் பத்து நாள் படுத்துக்கறேன்." தினமும் இதே பதில்தான்.

அன்றைக்குத்தான் போனில் சுனிதா வில்லியம்ஸ் திரும்பி வந்த வீடியோவைக் காட்டினேன். 286 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 2025 மார்ச்சில் இறங்கியவர். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். நீண்ட நாள் இருந்துவிட்டு வருகிற எல்லோருக்கும் செய்கிற முன்னெச்சரிக்கைதான் அது. அதை நான் சொல்லவில்லை.

"இந்த அம்மாவுக்கு நோய் எதுவும் இல்லைங்க ஐயா. எடை தாங்குற வேலை இல்லேன்னா எலும்பு தானா கரைய ஆரம்பிச்சிடும்" என்றேன். இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை போகும், கால்சியம் சிறுநீரில் வெளியேறும், அதைத் தடுக்கத்தான் அங்கே பெல்ட் கட்டிக்கொண்டு தினமும் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன். கட்டிலில் கிடந்தாலும் இதே கதைதான். விண்வெளியில் உடம்புக்கு என்ன ஆகும் என்று பார்க்க, ஆட்களைத் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைத்துத்தான் ஆராய்கிறார்கள்.

அவர் விடவில்லை. "அவ்வளவு உயரத்துல பூமி இழுக்காதா?" என்றார். உயரம் சுமார் 400 கிலோமீட்டர்தான், இங்கிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட. பூமியின் இழுப்பு அங்கேயும் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் பூமியைச் சுற்றியபடியே விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரியாது என்றேன்.

"விழுந்துகிட்டே இருக்கறவங்களுக்கு ஒண்ணும் முறியல. நான் ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன்."

அவர் மனைவி சிரித்துவிட்டார். நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டார்: "போன எலும்பு திரும்ப வருமா?"

யாருடைய எலும்பு? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தன்னுடைய முறிவைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் சொன்னது பெரிய பொய் இல்லை, ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வீடியோவில் பார்த்தவரைப் பற்றிக் கேட்டிருந்தால்? சதை சீக்கிரம் தேறிவிடும், எலும்பு அப்படி இல்லை. நீண்ட நாள் இருந்து திரும்பிய 17 பேரின் கால் எலும்பை அளந்து பார்த்ததில், ஒரு வருடம் கழித்தும் 9 பேருக்கு முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. 2022இல் வந்த ஆய்வு அது, எனக்கு அப்போதே தெரியும். அவர்கள் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்த ஆட்கள். இவர் எழுபதைத் தாண்டியவர்.

"முழுசா வராது, ஆனா நடக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் காலைக் கீழே தொங்கப் போட்டிருப்பாரா? சந்தேகம்தான். தொங்கப் போட்டதும் தலை சுற்றியது. படுத்தே இருந்தவர் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், கீழே வந்து இறங்குகிறவர்களுக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம் காத்திருந்து நிற்கவைத்தேன், நின்றார். அடுத்த வாரம் வாக்கரில் வாசல் வரை வந்தார். "நீங்க காட்டுன படம்தான் சார்" என்று மகன் எல்லோரிடமும் சொல்கிறார்.

சரி, பலித்ததே, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொள்வதுண்டு.

மூன்றாவது மாதம் டாக்டர் சம்மதித்த பிறகு, நானும் மகனும் ஆளுக்கொரு கை பிடித்துத் தறிக்குழியின் விளிம்பில் உட்கார வைத்தோம். காலை இறக்கி மிதிபலகையை அமுக்கினார். பாதிதான் போனது. மறுபடி அமுக்கினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் வரலையே, தம்பி." குறை சொல்கிற குரல் இல்லை, அனுப்பிய பார்சல் வந்து சேரவில்லை என்று சொல்வதுபோல் இருந்தது.

காலில் கட்டும் மணல் பையை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் இதே ஊரில் குகை என்கிற பகுதியில் வேறொரு வீட்டில் அதே வீடியோவைக் காட்டினேன். அந்த அம்மா எதுவும் கேட்காமல் காலை நீட்டினார்.