மாமனாரின் ஜீரோ வாட்ஸ் பல்பு

இந்த முறை ஈபி பில் 513 யூனிட். 500-ஐத் தாண்டினால் தாண்டிய 13 யூனிட்டுக்கு மட்டுமா கூடும்? அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். தொகையைப் பார்த்த என் கணவர் வழக்கம்போல ஏசியைப் பார்த்தார். நான் பூஜை அறையைப் பார்த்தேன்.

அங்கே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியும். ஹாலில் ஒரு நீலம், மாமா அறையில் ஒரு பச்சை. இவை இரவில் மட்டும்.

"மாமா, இதையெல்லாம் எல்ஈடியா மாத்திடலாமா?"

"ஏம்மா, பேரே ஜீரோ வாட்ஸ். ஜீரோவுக்குக் கீழ எப்படிக் குறைப்ப?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அந்தக் குட்டி பல்பு 15 வாட்ஸ் வரை இழுக்கும். சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர், இவ்வளவு சின்ன பல்புக்கெல்லாம் அசையாது. அதனால்தான் ஜீரோ என்று பெயர் வந்தது என்பார்கள். இப்போதைய மீட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. 24 மணி நேரமும் எரிகிற பூஜை அறை பல்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல். மற்ற இரண்டும் இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் தலைக்கு 9 யூனிட். மொத்தம் 40.

கணக்கு நோட்டை நீட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

சரி, மீட்டரையே சாட்சிக்குக் கூப்பிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். 15 வாட்ஸ் பல்பு தனியாக எரிந்தால் 75 விநாடிக்கு ஒரு முறை மினுக்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பூஜை அறை பல்பை மட்டும் எரியவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்தோம். எல்லாவற்றையும் என்றால், பிரிட்ஜைத் தவிர. தயிர் கெட்டுவிடும் என்று அத்தை அதன் முன்னால் காவலுக்கு நின்றார். கால் மணி நேரத்தில் தயிருக்கு ஒன்றும் ஆகாது என்று கெஞ்சி அதையும் அணைத்தால், மீட்டர் அப்போதும் படபடவென்று மினுக்குகிறது.

"பார்த்தியா, மீட்டர்தான் கோளாறு" என்றார் மாமா, ரொம்ப சந்தோஷமாக.

தேடினால், மூலையில் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் கொசு மருந்து மெஷின் வேறு. இரண்டையும் பிடுங்கினோம். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "உங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். பல்பு பார்க்கிறோம் என்று சொன்னேன். இருட்டில் பல்பு பார்க்கிற குடும்பத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமா கையில் வாட்ச், என் கையில் செல்போன் வெளிச்சம். 73, 74, 75... மினுக்கியது. தற்செயல் என்றார். அடுத்த 75-லும் மினுக்கியது. மூன்றாவது முறைக்குப் பிறகு, "திருட்டுப் பய" என்றார். பல்பைத்தான்.

சூட்டோடு சூடாக வாசல் 60 வாட்ஸ் குண்டு பல்பையும் எடுத்துக்கொண்டேன். அதன் இடத்தில் 9 வாட்ஸ் எல்ஈடியை மாட்ட வேண்டும். "60 எங்க, 9 எங்க?" என்றார். வாட்ஸ் என்பது சாப்பிடுகிற சாப்பாடு, லூமன்ஸ், அதாவது தருகிற வெளிச்சம், அதுதான் செய்கிற வேலை மாமா, குண்டு பல்பு 700 லூமன்ஸ் போலத் தரும், இது 900 தரும் என்று அட்டையைக் காட்டினேன். சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகத்தான் போகிறது என்றும் சொன்னேன். அத்தை தன் மகனை ஒரு பார்வை பார்த்து, "அப்ப இவன் 60 வாட்ஸ்" என்றார். நான் சிரிக்கவில்லை. இருட்டாக இருந்தது வசதியாகப் போயிற்று.

இதற்கிடையில் பூஜை அறையில் அரை வாட்ஸ் எல்ஈடி நைட் லேம்ப் ஏறியது, சிவப்பிலேயே. நாள் முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட வராது. மாமா மறுபடி மீட்டர் முன் நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மினுக்கவே இல்லை. கணக்குப்படி இது ஒரு முறை மினுக்க 37 நிமிடமாவது வேண்டும். அவ்வளவு நேரம் கொசுக்கடியில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அத்தைக்கோ பிரிட்ஜைப் போட்டாக வேண்டும்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்காவின் கணவரை நிறுத்தி மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் காலத்துல ஜீரோ வாட்ஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்க சார். நான் மீட்டர்லயே நின்னு பார்த்துட்டேன். இப்ப வாங்கியிருக்கேன் பாருங்க, இதுதான் அசல் ஜீரோ வாட்ஸ்."