காட்ராக்ட் இல்லைங்க, லென்ஸ் நழுவிடுச்சு!

அப்பாவின் கண் ஆபரேஷன் ஒருவழியாக முடிந்தது. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களை அலைய வைத்ததெல்லாம் காகிதம்தான்.

புரை (காட்ராக்ட்) ஆபரேஷன் செய்து பல வருடம் ஆன கண். குனிந்தால் உள்ளே வட்டமாக ஏதோ ஆடுகிறது என்று ஆரம்பித்தார், அப்புறம் பார்வையே மங்கிவிட்டது. உள்ளே வைத்த லென்ஸ் நழுவியிருந்தது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையைச் சுற்றிலும் மெல்லிய இழைகள் பிடித்திருக்குமாம். சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்று ஒன்று இருக்கிறது: கண்ணுக்குள் பொடுகு மாதிரி படிந்து, அந்த இழைகள் நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும். அப்பாவுக்கு அதுதான். பையோடு லென்ஸ் கீழே இறங்கிவிட்டது.

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் வருவது சாதாரண விஷயம். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்த நிலையில், மத்தியான வெயிலில், வேலை நடக்காமல் திரும்புவதுதான் கொடுமை. எந்த லென்ஸ் வைத்தார்கள் என்ற ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை என்று ஒருமுறை அப்படித் திரும்பினோம். பழைய ஆஸ்பத்திரியில் கேட்டால், "அவ்வளவு பழைய ஃபைல் இருக்காது சார்." கடைசியில் அம்மாதான் பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

அந்தத் துண்டுச் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு. மூன்று பாகமாக (நடுவில் லென்ஸ், பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பி மாதிரி இரண்டு கால்கள்) செய்த லென்ஸ் என்று அதில் தெரிந்ததும் டாக்டர் முகம் மலர்ந்தது. ஒரே துண்டு லென்ஸ் என்றால் பெரும்பாலும் வெளியே எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டுமாம். இதன் இரண்டு கால்களையும் வெள்ளைவிழிக்குள் செருகி, ரத்தப் புரதத்தால் ஆன ஃபைப்ரின் பசையால் ஒட்டி, அதே லென்ஸையே நிறுத்தலாம். சென்னை டாக்டர் அமர் அகர்வால் 2007-ல் கொண்டுவந்த முறை இது.

அடுத்தது இன்ஷூரன்ஸ் கவுண்டர். "காட்ராக்ட்தானே சார்? அந்தக் கண்ணுலதான் ஏற்கெனவே பண்ணியாச்சே!" எவ்வளவு சொல்லியும் கேட்காமல் காட்ராக்ட் என்றே பதிந்தார்கள். பல பாலிசிகளில் காட்ராக்டுக்குத் தனியாக ஒரு உச்சவரம்பு உண்டு. அந்தத் தொகைக்குத்தான் அனுமதி வந்தது, மீதி நம் கைக்காசு.

டாக்டர் அறை வாசலில் காத்திருந்து, லெட்டர்பேடில் எழுதி வாங்கினேன்: "இது புரை நீக்கம் அல்ல. விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றுவது) செய்து, நழுவிய லென்ஸை மீட்டு, வெள்ளைவிழியில் பொருத்தும் சிகிச்சை." பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். முழுத் தொகைக்கும் அனுமதி வந்தது! கவுண்டரில், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி பவர் நிலைக்கக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை சொட்டு மருந்தும் கண் பிரஷர் செக்கப்பும்தான். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்தேன். நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் 'காட்ராக்ட்'. திருத்தி, சீல் போட்டு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.