"உக்காரு"ன்னு சொல்றத நிறுத்தின பிறகு

ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க வந்து 14 வருஷம் ஆச்சு. முதல் வருஷம் பூரா எனக்குத் தொண்ட கட்டியேதான் கெடந்துச்சு. காலைல "உக்காரு, திரும்பாத, பேசாத"ன்னு ஆரம்பிச்சா கடைசி பெல் அடிக்கிறவரைக்கும் அதேதான், ஒரு அதட்டு அதட்டினா அரை நிமிஷம் கப்சிப்னு இருக்கும், அப்புறம் மறுபடியும் சந்தக்கடை, நான் இன்னும் சத்தமா கத்துவேன், அதுங்க அதுக்கு மேல சத்தமா பேசும்.

அந்த வருஷம் ஒரு பையன் இருந்தான். அஞ்சு நிமிஷம் சேந்தாப்ல உக்கார மாட்டான். பென்சில் சீவணும்பான், ரப்பர் கீழ விழுந்துடுச்சும்பான், ஒண்ணுமே இல்லன்னா சும்மா எந்திரிச்சு நிப்பான். நான் பேரச் சொல்லி "உக்காரு"ம்பேன், என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உக்காருவான், நான் போர்டு பக்கம் திரும்புறதுக்குள்ள மறுபடி நிப்பான். ஒருநாள் எங்க சீனியர் டீச்சர் ஒருத்தவங்க கடைசி பெஞ்சுல உக்காந்து என் கிளாஸ கவனிச்சாங்க. முடிஞ்சதும் ஒரு துண்டுப் பேப்பர நீட்டினாங்க, அதுல குச்சி குச்சியா கோடு. "இந்த ஒரு பீரியட்ல அவன் பேர 17 தடவ சொல்லியிருக்கம்மா. ஒழுங்கா எழுதிட்டிருந்த பிள்ளைங்க பேர ஒரு தடவகூட சொல்லல"ன்னாங்க. எனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

அப்புறமாதான் இதப்பத்தித் தேடிப் படிச்சேன். 1968ல அமெரிக்காவுல மாட்சன், பெக்கர்னு சில ஆராய்ச்சியாளருங்க ஒண்ணாங்கிளாஸ்லயே இத எண்ணிப் பாத்திருக்காங்க, டீச்சர் "உக்காரு"ன்னு சொல்றது கூடக்கூட எந்திரிச்சு நிக்கிறதும் கூடியிருக்கு, உக்காந்து வேல செய்றவங்கள பாராட்டினப்போ அது கொறஞ்சிருக்கு. அந்தப் பையனோட சிரிப்புக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சுது. நாப்பது பேர் இருக்குற ரூம்ல டீச்சர் தன்னப் பாக்கணும்னா அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது, அத சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஆனா பாராட்டுறதுலயும் ஒண்ணு இருக்கு. "அவளப் பாரு, எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கா"ன்னு சொல்றது எனக்குச் சுத்தமா பிடிக்காது, அது ஒரு பிள்ளைய வச்சு இன்னொரு பிள்ளைய குத்துறது. நான் கிட்டப் போய்ப் பாத்ததச் சொல்வேன், "ரெண்டு வரி முடிச்சிட்டியே, எழுத்து கோட்டுலயே நிக்குது". அவ்ளோதான். அந்தப் பையன் எந்திரிச்சா பேர் சொல்றத விட்டுட்டேன், பாடத்த நிறுத்தாம பக்கத்துல போய் அவன் நோட்டுல எழுத வேண்டிய இடத்துல விரல வச்சுட்டு நகந்துடுவேன். ரொம்ப முடியலன்னா ரூம் கடைசில ஒரு குட்டை அலமாரி இருந்துச்சு, அது மேல நோட்ட வச்சு நின்னுக்கிட்டே எழுதுவான். எழுதுனா போதும்னு எனக்கு, நின்னா என்ன உக்காந்தா என்ன.

இன்னொண்ணு, கிளாஸ் கலையிறது பெரும்பாலும் பாடம் நடக்கும்போது இல்ல, ஒரு வேலை முடிஞ்சு அடுத்தது தொடங்குற அந்த ரெண்டு நிமிஷத்துலதான். "நோட்ட எடுங்க, தேதி போடுங்க, 12ஆம் பக்கம் திருப்புங்க, மூணாவது கணக்க எழுதுங்க"ன்னு மூச்சு விடாம சொல்லிட்டு ஏன் சத்தம்னு கேட்டா? ஆறு வயசுப் பிள்ளை முதல் ரெண்டத்தான் பிடிச்சு வச்சிருக்கும், மிச்சத்துக்குப் பக்கத்துல கேக்கும், "மிஸ் என்ன சொன்னாங்க"ன்னு நாப்பது வாய் கேட்டா அதுதான் சத்தம். இப்போ ஒண்ணு சொல்வேன், எல்லாரும் செஞ்சு முடிக்கிறவரைக்கும் சும்மா நிப்பேன், அப்புறம்தான் அடுத்தது. ஜேக்கப் கூனின்னு ஒரு கல்வி உளவியலாளர் 1970லயே இததான் சொல்லியிருக்கார், தப்பு நடந்த பிறகு டீச்சர் எப்படித் திட்டுறாங்கங்கிறது பெருசா எதையும் மாத்தல, வேலைய எவ்ளோ தடங்கல் இல்லாம நகத்துறாங்க, ரூம் முழுக்க கண்ணு இருக்கா, அதுலதான் வித்தியாசமேன்னு.

கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கிறதும் அப்படித்தான். மேரி பட் ரோன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் அளந்து பாத்ததுல டீச்சருங்க சராசரியா ஒரு நொடிகூட பொறுக்குறதில்ல, மூணு நொடி பொறுத்தா பேசாத பிள்ளைங்களும் பேசுதுங்க. மூணு நொடி எவ்ளோ நீளம்னு நின்னு பாத்தாதான் தெரியும். மனசுக்குள்ள எண்ணுவேன்.

இவ்ளோ தெரிஞ்ச பிறகும் ஒரு பொண்ணு விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன். எப்பப் பாத்தாலும் பக்கத்துப் பிள்ளை பக்கமே சாஞ்சிருப்பா, பேசுறான்னு நெனச்சு மூணு மாசம் எடத்த மாத்தி மாத்தி உக்கார வச்சேன். கடைசில நான் கடைசி பெஞ்சுக்கு மாத்துன அன்னைக்கு அழுதுட்டா, "மிஸ், அங்க இருந்து போர்டு தெரியாது மிஸ்"னு. அவ பேசல, பக்கத்து நோட்டப் பாத்து எழுதிட்டிருந்திருக்கா. அவங்க அம்மாவக் கூப்பிட்டுச் சொன்னேன், பத்து நாள்ல கண்ணாடியோட வந்தா. வந்து உக்காந்ததும் போர்டுல இருந்தது அத்தனையும், மூலைல இருந்த தேதி, எத்தன பேர் வந்திருக்காங்கங்கிற கணக்கு வரைக்கும், சத்தமாப் படிக்க ஆரம்பிச்சா. பாடம் நடந்துட்டிருந்துச்சு. அவ படிச்சு முடிக்கிறவரைக்கும் சாக்பீஸ கீழ வச்சுட்டு நின்னேன்.