முருகானந்தத்தின் எந்திரம்

கோவை அருணாசலம் முருகானந்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட அவமானங்களையும் 2016-இல் பெற்ற பத்மஸ்ரீ விருதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மாதவிடாய்க் கால நாப்கின் செய்ய அவர் உருவாக்கிய எந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

தொடக்கத்தில் அவர் பஞ்சை வைத்துத்தான் நாப்கின் செய்து பார்த்தார். பெருநிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டறியவே ஆண்டுகள் பிடித்தன. ஈரத்தை உறிஞ்சுவதோடு, நாப்கினின் வடிவம் குலையாமல் காப்பது அந்த நார்தான். கெட்டியான தகடாக வரும் அந்தக் கூழை நாப்கினாக மாற்றக் கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள ஆலை எந்திரங்களே இருந்த காலத்தில், அவர் அந்த வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தார். மிக்ஸியில் அரைப்பதைப் போலச் சுழலும் கத்திகளால் கூழை நார் நாராக உதிர்ப்பது, அச்சிலிட்டு அழுத்துவது, மெல்லிய உறையில் சுற்றி ஒட்டுவது, கடைசியாகப் புறஊதா ஒளியில் கிருமி நீக்குவது: இவ்வளவும் ஒரு லட்ச ரூபாய்க்கும் குறைந்த விலையில், ஒரு சிறிய அறைக்குள் அடங்கிவிட்டன.

எந்திரத்தை வேண்டுமென்றே எளிமையாக வைத்தார்; பழுதானால் இயக்கும் பெண்களே கழற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதனினும் பெரிதாக நான் மதிப்பது, உரிமையைப் பெருமுதலாளிகளுக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு எந்திரத்தைக் கொடுத்த முடிவைத்தான். அந்தக் குழுக்கள் தத்தம் நாப்கினுக்குத் தாங்களே பெயர் சூட்டி, தங்கள் ஊர்ப் பெண்களிடம் நேரடியாக விற்கின்றன.